நிஞ்சா படத்துக்கு எங்கள் வீட்டார் சொன்ன விமர்சனம்

1

நான் குடியிருக்கும் ஊரில் ரயிலுக்குக்கூட முகமூடி போட்டுவிடுகிறார்கள். ஜப்பானில், மியே மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் இது. முன்னொரு காலத்தில் இங்கே நிஞ்சாக்கள் இருந்தார்கள். வேவு பார்ப்பது, ஒளிந்திருந்து ஆளை முடிப்பது, கூலி கொடுத்தவனுக்காகக் கத்தி எடுப்பது, இதுதான் அவர்கள் தொழில். அவர்களும் போய் அந்தத் தொழிலும் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. இப்போது ஊர் அவர்கள் பெயரை வைத்துப் பிழைக்கிறது. ரயிலின் நெற்றியில் கறுப்புத் துணிக்கு நடுவே இரண்டு கண்கள். பிஸ்கட் டப்பாவில் குட்டி நிஞ்சா. சாக்கடை மூடியிலும் நிஞ்சா. வசந்தகாலத் திருவிழாவில் பிள்ளைகள் நிஞ்சா உடுப்பை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓடுகிறார்கள். பட்டாசுப் பெட்டி மேல் சாமி படம் போடுகிற மாதிரிதான் இதுவும் என்பார் என் கணவர் கருப்பசாமி. சிவகாசிக்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் லேபிள்தான் ஞாபகத்துக்கு வரும்.

இந்த வருஷம் திருவிழா வாரத்தில் எங்கள் கல்யாண நாள் வந்தது. வெளியே எங்கும் போகத் தோன்றவில்லை. எனக்கு வாராவாரம் இலவசமாக ஜப்பானிய மொழி சொல்லித்தரும் ஓகாவா அம்மாள்தான், ஊர் மன்றத்தில் பழைய நிஞ்சா படம் ஒன்று போடுகிறார்கள், மூன்று பேரும் வாருங்கள் என்று கூப்பிட்டார். போனோம்.

கதை இதுதான். மலைக்கு மேலே ஒரு நிஞ்சாக் கூட்டம், கீழே ஆற்றோரம் இன்னொரு கூட்டம். தலைமுறை தலைமுறையாகப் பகை. எதற்காக என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாது. மேலே இருக்கும் பெண்ணும் கீழே இருக்கும் பையனும் விரும்புகிறார்கள். ஓடிப்போய்க் கடற்கரையில் மீன் விற்றுப் பிழைக்கிறார்கள், குழந்தை பிறக்கிறது. சில வருஷம் கழித்து மலையிலிருந்து ஆள் வருகிறது. பகை தீர்ந்துவிட்டது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். போகிறார்கள். பெண்ணின் அண்ணன் வாசலில் வந்து வரவேற்கிறான். பெரிய விருந்து. சாப்பாடு முடியும்போது அண்ணனே இரண்டு பேரையும் வெட்டுகிறான். அப்பாக்காரன் பந்தியின் முதல் இடத்தில் கோப்பையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். அத்துடன் படம் முடிகிறது.

இந்த ஊர் வழக்கப்படி, படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கு ஒரு கிண்ணம் பச்சைத் தேநீர் கொடுத்து, ஒவ்வொருவராக அபிப்பிராயம் கேட்டார்கள். கடல் வரும் காட்சிகளில் அழுதுவிட்டேன் என்றார் ஓகாவா அம்மாள். சண்டையில் கயிறு தெரிகிறது என்றான் ஓர் இளைஞன். ஒரு பெரியவர், “என் முன்னோர்கள் மலையின் அந்தப் பக்கம், ஓகாவா வீட்டுக்காரரின் முன்னோர்கள் இந்தப் பக்கம், இப்போது நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து மீன்பிடிக்கப் போகிறோம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி மட்டும் குறை சொன்னார். “முடிவு நம்பும்படி இல்லை. அந்தக் காலமாகவே இருக்கட்டும், சொந்த வீட்டில், விருந்துக்குக் கூப்பிட்டு அப்படிச் செய்வார்களா?”

என் முறை வந்தது. முடிவு பயமாக இருந்தது என்று சொல்ல நினைத்தேன். ஜப்பானிய மொழியில் பயத்துக்கும் செல்லமாக இருப்பதற்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். முடிவு ரொம்பச் செல்லமாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். என் மகள் மீனா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். இங்கே நான் எதைச் சொன்னாலும் அன்பாகத் தலையாட்டிவிடுவார்கள்.

கருப்பசாமி தன் முறையை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார். தேநீரையும் குடிக்கவில்லை.

2

இந்தப் படத்தை நான் வேறு யாருடைய கதையாகவோ பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ராஜாமணி சிவகாசியில் சின்னதாக ஓர் ஆப்செட் பிரஸ் வைத்திருந்தார். சீசனில் பட்டாசு லேபிள், சீசன் முடிந்தால் காலண்டர். நான் பி.காம். முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். கருப்பசாமிக்குப் பக்கத்து ஊர், விஸ்வநத்தம். அவருடைய அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் கூலி. மீசை முளைக்கும் முன்னே எங்கள் பிரஸ்ஸில் மெஷின் துடைக்க வந்தவர், மெஷின்மேன் ஆனார். அப்பாவுக்கு அவர் மேல் தனிப் பிரியம். நாலு கலரும் ஒன்றன் மேல் ஒன்று பிசகாமல் உட்கார வைப்பதில் அவனை அடிக்க ஆள் இல்லை என்று வெளியாட்களிடம் சொல்லுவார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சாமி, ஒரே பேச்சு, ஒரே குழம்பு. தெருதான் வேறு. நம் பக்கத்தில் எந்தத் தெரு என்று ஒருவர் கேட்டால், விலாசம் கேட்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. அதற்கு மேல் இதை விளக்க எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கு விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மதுரைக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அந்த வாரமே என் அண்ணன் செந்தில் எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தான். ஓடிப்போன பெண்ணைச் செத்தவளாக அறிவித்துப் போஸ்டர் ஒட்டுவது நம் பக்கம் நடக்கிறதுதான். மற்ற வீட்டுக்காரர்கள் பிரஸ்ஸைத் தேடிப் போவார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, சொந்த மெஷினிலேயே ஓட்டினான். ப்ளஸ் டூ படிக்கும்போது எடுத்த போட்டோ. வீட்டில் எல்லோரும் தலைமுழுகினார்கள். கூடப் படித்த ஒருத்தி அந்தப் போஸ்டரைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். அதில் சிவப்பு தள்ளிப்போய் எனக்கு இரண்டு வாய் இருந்தது. அந்த மெஷினில் கலரைச் சேர்க்கத் தெரிந்த ஆள் அந்நேரம் என் பக்கத்தில், திருப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

விஸ்வநத்தத்தில் யாரோ கருப்பசாமி வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்தார்கள். செந்திலின் கூட்டாளிகள் என்று ஊர் சொன்னது. மாமியாரை வேலைக்கு எடுக்க எந்தக் கம்பெனியும் துணியவில்லை. அவர் மகள் வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் போய்விட்டார். கருப்பசாமி அச்சு மெஷின் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்து, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் மெஷின் செய்கிற நாட்டுக்கே வந்து சேர்ந்தார். பின்னாலேயே நானும் வந்தேன்.

3

இங்கே எனக்குப் பகுதி நேர வேலை மதியச் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில். தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மூடி, கண் மட்டும் வெளியே. ஓடும் பட்டையில் சோற்றுப் பெட்டிகள் வரும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊறுகாய்ப் பழம் ஒன்றை வைக்க வேண்டும். வரிசையில் நிற்கும் பிரேசில்காரி, வியட்நாம்காரி, நான், எல்லோருமே நிஞ்சாக்கள்தான். யார் எந்தக் கூட்டம் என்று சூப்பர்வைசருக்கே தெரியாது. ஒருவகையில் அது எனக்கு நிம்மதி.

நகராட்சி அலுவலகம்தான் பெரிய வேடிக்கை. நம் ஊர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார்கள். இங்கே யாரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆகவே ஜப்பானில் நான் ஜெயந்தி இல்லை, ராஜாமணி. “ராஜாமணி-சான், மூன்றாம் ஜன்னலுக்கு வாருங்கள்.” “ராஜாமணி-சான், இன்று ஊறுகாய் கோணலாக இருக்கிறது.” என் பெயரை வாயால் சொல்வதில்லை என்று இருந்த மனிதரின் பெயரைச் சொல்லி, கடல் தாண்டி வந்த இடத்தில் நாள் முழுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கருப்பசாமிக்கு அவர் அப்பா பெயர், முனியாண்டி-சான். மீனாவுக்கு அவள் அப்பா பெயர், கருப்பசாமி-சான். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். விசா புதுப்பிக்கப் போனபோது ஓர் அலுவலர் தயங்கித் தயங்கி, “மன்னிக்கவும், நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானா?” என்று கேட்டார். சிவகாசியில் கேட்ட அதே கேள்வி. இவர் குனிந்து வணங்கிவிட்டுக் கேட்டார் என்பதுதான் வித்தியாசம்.

மீனாவுக்கு எட்டு வயது. நான் தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் என்னிடம் கற்ற திட்டுகள். அவளுடைய நகைச்சுவை எனக்குப் புரிவதில்லை. என் நகைச்சுவையை அவள் கவனிப்பதில்லை. இது மெதுவாக நடக்கிற காரியம், தடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது இரண்டு மொழியையும் கலந்து அவள் கேட்டாள்.

“அம்மா, நாம மேல கூட்டமா, கீழ கூட்டமா?”

“நான் மேல. அப்பா கீழ. நீ ரெண்டும்.”

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். “அப்போ ரெண்டு கூட்டமும் என்ன அடிக்குமா?”

“கடையில ஐஸ்கிரீம் இருக்கு பாரு” என்றார் கருப்பசாமி.

4

இனி என்ன ஆபத்தில் இருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். அல்லது ஆபத்தே இல்லையோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் அம்மா யாரிடமோ என் நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எடுத்ததும் அவள் கேட்டது, “சாப்ட்டியா தாயி?” நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு ஜப்பானியக் கிழவர் கதவைத் தட்டினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் பேசினோம். அங்கே அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம், இங்கே சாயங்காலம். அம்மா, செந்தில், மதினி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் போய், வாரத்தில் பாதி நாள் விருதுநகர் ஆஸ்பத்திரி. மீதி நாள் முன்னறைக் கட்டில். படத்தின் ஓரத்தில் அவர் முழங்கால் தெரியும், சில சமயம் ஒரு கை. பேச மாட்டார். தலைமுழுகின பிள்ளையிடம் பேசக் கூடாது என்று வைத்திருந்தார். “சாப்ட்டாளான்னு கேளு.” “அங்கன குளிரான்னு கேளு.” அவ்வளவுதான். அம்மா அதை எனக்கும், நான் சொன்னதை அவருக்கும் திருப்பிச் சொல்லுவாள். அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும்.

செந்தில்தான் ஊருக்கு வா என்று ஆரம்பித்தான். “நடந்தது நடந்துபோச்சு. எத்தன வருசம்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்குறது? ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு வா. மீனாவுக்கு இன்னும் மொட்டை எடுக்கல, காது குத்தல. தாய்மாமன் மடி நான் உசுரோட இருக்கும்போது அந்தப் புள்ள எவன் மடியில உக்காரும்?”

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். அண்ணன் மடியில் என் பிள்ளை. அதைவிடப் பெரிய மன்னிப்பு நம் ஊரில் கிடையாது. இங்கே கோடை விடுமுறையும் ஆடியும் ஒன்றாக வந்தன. தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டேன்.

“மாப்ளையும் வரணும். மாப்ள இல்லாம என்ன விசேசம்?” என்று ஒவ்வொரு வாரமும் சொன்னான். கருப்பசாமிக்கு மனம் ஒட்டவில்லை. “என்னைய மாப்ளங்கிறாரு. பிரஸ்ல டேய்னுதான் கூப்பிடுவாரு. நீயும் புள்ளையும் போய்ட்டு வாங்க, நான் வரல” என்றார். எனக்குக் கோபம் வந்தது. பத்து வருஷமாகச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னீர்கள், இப்போது சேர்த்துக்கொள்கிறேன் என்றாலும் குற்றமா என்று சண்டை போட்டேன். அப்பா எத்தனை நாள் இருப்பாரோ என்று அழுதேன். மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டார்.

இந்த நிலையில்தான் அந்தப் படம் பார்த்தோம். மீன் விற்றவர்களுக்கு மலையிலிருந்து ஆள் வந்த காட்சியில் கருப்பசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சினிமாவைப் பார்த்து வாழ்க்கையை முடிவு செய்கிறவள் இல்லை நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மீனா தன் மாமாவிடம், தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, நிஞ்சா படத்தைப் பற்றிப் பேசினாள். கத்தி எப்படிச் சுழலும் என்று செய்தும் காட்டினாள். செந்திலுக்கு ஒரே சந்தோஷம். “தமிழ்லயே பேசுற மாதிரி அந்தப் படம் இருக்கும்ல, தேடிப் பாக்கேன். எம் மருமக பாத்த படத்த மாமன் பாக்காம இருப்பனா?” என்றான். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. என்ன காரணம் சொல்வது?

5

அதற்கடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கோழிக் குழம்பு என்றாள் மதினி. முந்தின நாள்தான் டி.வி.யில் குடும்பமே படம் பார்த்திருந்தது. மீனா அவர்கள் அபிப்பிராயம் கேட்கக் காத்திருந்தாள். கருப்பசாமி சமையல் மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வீடியோவில் முகம் காட்டமாட்டார், ஆனால் எல்லாம் கேட்கும்.

“பொண்ணு மூஞ்சில லட்சணமே இல்ல” என்று அம்மா தொடங்கினாள். “ஏன் ஜெயந்தி, ரெண்டு கூட்டமும் பாக்க ஒண்ணுபோலதான இருக்கானுக. அதே மூக்கு, அதே கண்ணு. பெறகு எதுக்கு அடிச்சிக்கிடுதானுக?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா இவ்வளவு சரியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே செந்திலைப் பார்த்துத் திரும்பினாள்.

“ரெண்டுல எவன் ஒசத்தி?”

“பொண்ணு வீட்டுக்காரன்தான்ம்மா. மலைக்கு மேல இருக்கான்ல.”

“அப்படியா” என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்தாள். “அப்ப அவனுகளுக்குக் கோவம் வரத்தான செய்யும்.”

மதினி, தான் அழுததாகச் சொன்னாள். அந்தக் கைப்பிள்ளை என்ன ஆச்சு என்று படத்தில் காட்டவே இல்லையே என்றாள்.

செந்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “படம்னா அண்ணங்காரன்தான் படம். என்னா ஆளுய்யா. வேற எவனாச்சும்னா ஓடுன அன்னைக்கே வெரட்டிப் போயி வெட்டிட்டு மாட்டிருப்பான். இவன் அவசரமே படல. வருசம் போகட்டும்னு விட்டுட்டான். ஆள் அனுப்புதான், கூப்புடுதான், பிள்ளையத் தூக்கிக் கொஞ்சுதான், எலையப் போட்டுச் சோறு போடுதான். அவன் மூஞ்சில ஏதாச்சும் தெரிஞ்சுதா? எனக்கே கடைசி வரைக்கும் தெரியல. அதுதான் நடிப்பு.”

அவன் முகம் மலர்ந்திருந்தது. சின்ன வயதில் தியேட்டரிலிருந்து வந்ததும் எனக்குக் கதை சொல்லுவானே, அதே முகம். கையால் வெட்டிக் காட்டினான். மீனா கை தட்டினாள். அவன் பிள்ளைகளும் கை தட்டினார்கள்.

“தங்கச்சியையும் வெட்டிட்டானேண்ணே” என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“வெட்டத்தான செய்வான்? அவ மட்டும் இருந்து என்ன செய்யப் போறா?” என்றான். அதே மூச்சில், “மாப்ள லீவு சொல்லிட்டாரா? டிக்கெட் தேதி மாத்திற மாட்டீகளே?” என்றான்.

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. நான் கருப்பசாமியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழைப்பைத் துண்டித்திருப்பேன்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “போன இங்கன கொண்டா.”

அம்மா, “என்னங்க, அவ சாப்ட்டாளான்னு கேக்கவா?” என்றாள்.

“போனக் கொண்டான்னேன்.”

படம் ஆடியது, மேற்கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது. பிறகு அப்பாவின் முகம். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முழு முகம். கன்னம் வற்றிக் கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எட்டி யாரையோ தேடினார். கருப்பசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். ஆர்டர் கேட்க முதலாளி முன் நிற்கும்போது நிற்பாரே, அப்படி.

“நானும் அந்தப் படத்தப் பாத்தேன்” என்றார் அப்பா. அம்மாவிடமோ செந்திலிடமோ இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “எல்லாரும் அண்ணங்காரன அண்ணங்காரன்னு சொல்றாக. அந்தப் பொண்ணப் பெத்தவன் ஒருத்தன் உக்காந்திருந்தான் பாத்தியா? அவனுக்கு மொதல்லயே தெரியும். சொல்லி அனுப்பும்போதே தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தான். அந்தப் படத்துல அவன்தான் எனக்கு ஆகல.”

மூச்சு வாங்கினார். செந்தில் எங்கிருந்தோ, “என்னப்பா நீங்க, படத்தப் போயி” என்று சிரித்தான்.

“நீ வராதம்மா” என்றார் அப்பா. “எனக்கு என்ன ஆனாலும் வராத. அவனையும் கூட்டிட்டு வராத.”

பிறகு போனை யாரோ வாங்கினார்கள். மேற்கூரை, மின்விசிறி. அழைப்பு நின்றது.

6

செந்தில் உடனே திரும்பக் கூப்பிட்டான். டயாலிசிஸ் செய்ததிலிருந்து அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, ராத்திரி எல்லாம் என்னென்னவோ உளறுகிறார், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றான். அவன் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. அம்மா அழுதாள். “பெத்த வீட்டுக்கு வாரதுக்கு என்ன பயம்? நான் இருக்கேன்ல?” என்று கேட்டாள். அவள் இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். கோபம் வரத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டு அழுவாள் என்பதும் தெரியும்.

கருப்பசாமியிடம் கேட்டேன். அப்பாவுக்குப் புத்தி தடுமாறியிருக்குமா என்று. “முதலாளி எதையும் ஒரு தடவதான் சொல்லுவாக. சரியாத்தான் சொல்லுவாக” என்றார். முதலாளி என்றுதான் இன்னமும் சொல்கிறார். டிக்கெட்டை ரத்து செய்தார். மீனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமா மடியில் உட்கார்ந்தால் தங்கத் தோடு தருவதாக அவன் சொல்லியிருந்தானாம்.

மொழி வகுப்பில் ஓகாவா அம்மாள், ஊருக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். போகவில்லை என்றேன். ஏன் என்றார். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் அதைச் சொல்ல முடியாது. தமிழிலும் முடியுமா என்று தெரியவில்லை. அண்ணன் ஒரு படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னான், அதனால் போகவில்லை என்று சொன்னால் எந்த நாட்டில் யார் ஒப்புக்கொள்வார்கள்? படம் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் வில்லனை ரசிக்கிறார்கள். நானும் ரசித்திருக்கிறேன். செந்தில் மனதில் ஒன்றுமே இல்லாமல், மருமகள் மொட்டைக்குப் பட்டுப் பாவாடை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும். போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமா இது? அந்தக் கண்ணாடிப் பெண்மணி, நம்பும்படி இல்லை என்று சொன்னாரே, அவர் எவ்வளவு கொடுத்துவைத்தவர் என்று பல நாள் பொறாமையோடு நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் பகை பிஸ்கட் டப்பாவாகிவிட்டது. எங்கள் ஊரில் அப்படி ஆகும் காலத்தில் நானோ என் மகளோ இருக்க மாட்டோம். அவள் பிள்ளைகள் இருந்தாலும், அந்த டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்காது.

ஆடி முடிவதற்குள் அப்பா போய்விட்டார். அம்மா கூப்பிட்டுக் கதறினாள். செந்தில் போனை வாங்கி, “இப்பயாச்சும் வா. மொகத்தப் பாக்கணும்ல. நீ வார வரைக்கும் ஐஸ்ல வச்சிருக்கோம். மாப்ளையக் கூட்டிட்டு வா” என்றான். அவனும் அழுதான். அப்பா செத்ததற்கு மகன் அழுவது பொய்யாகுமா? நான் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். இரண்டு சேலையும் மடித்து வைத்தேன். கருப்பசாமி தடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அவரும் அழுதார். மீனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். மதினி யாருக்கும் தெரியாமல் வீடியோவைத் திறந்து வைத்தாள். பந்தல் தெரிந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன, ஆட்களின் கால்கள் தெரிந்தன. அப்பாவின் முகம் தெரியவில்லை. யாரோ ஒரு பெண் குரல் பக்கத்தில் நின்று சொன்னது கேட்டது. “பெத்த அப்பன் சாவுக்குக்கூட வரலயே. என்னா நெஞ்சழுத்தம் பாரு அவளுக்கு.” இன்னொருத்தி, “அன்னைக்கே தலைமுழுகுனதுதான சரி” என்றாள்.

ஊரில் இதைப் படிப்பவர்கள் சிலர் அந்தப் பந்தலில் இருந்திருக்கலாம். அவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். படிக்கச் சொன்ன படிப்பை நான் படிக்கவில்லை, பார்த்த மாப்பிள்ளையைக் கட்டவில்லை, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றதில்லை. என் வாழ்க்கையில் அப்பா பேச்சைக் கேட்டு நான் நடந்தது இந்த ஒரு தடவைதான்.